கனமா இருங்க

பிள்ளைகளா, கம்பீரம் என்றால் என்ன என்று நேற்று கேட்டீர்கள். மீசை, சிங்கம், உரத்த குரல் என்று ஏதோ சொல்லிவைத்தேன். அது சரியில்லை என்று படுத்த பிறகு தோன்றியது. நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் மீன்பிடிக்கப் போகும் எங்கள் வள்ளத்தில் அதற்கு வேறு ஒரு சொல் உண்டு. கனம்.

போன வருடம் உங்கள் மாமா சாயர்புரத்திலிருந்து வந்து, ஆசைப்பட்டு எங்களோடு கடலுக்கு வந்தாரே, அன்று நடந்ததை உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவாள் என்றுதான்.

வலையை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மாமா, வள்ளம் ஓட்டும் அண்ணன். துறைமுகத்து அலைத்தடுப்புப் பாறைகளுக்குப் பக்கத்தில், மிதந்து வந்த கயிறு ஒன்று விசிறியில் சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. காற்று வேறு கூடியிருந்தது. வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு அலையும் எங்களைப் பாறைப் பக்கம் தள்ளியது. உங்கள் முகங்கள்தான் கண்ணில் நின்றன.

அண்ணன் கத்தியை எடுத்தார். "கனமா இருங்க" என்றார். கத்தவில்லை.

மாமா சட்டென்று எழுந்து ஐஸ் பெட்டியைத் தூக்கினார். "கனம் கூடிப்போச்சா அண்ணாச்சி? இதத் தூக்கிப் போட்டுருதேன்!"

வள்ளம் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்து விழுந்தது.

"வேய், பெட்டிய இல்லவே, ஒம்மத்தான் சொல்லுதேன். உக்காரும்!"

நான் மாமாவின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவருக்குப் பல் தந்தியடித்தது. "எங்க ஊர்ல கனம்னா சர்ச் நோட்டீஸ்ல பாதிரி ஐயர் பேருக்கு முன்னாலல்லா போடுவாவ" என்று முனகினார்.

"அப்ப ஐயரு மாதிரியே அசையாம இரியும்." விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கயிற்றை அறுத்துக்கொண்டே சொன்னார் அண்ணன்.

உட்கார்ந்தோம். பயம் போகவில்லை. பயத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். அண்ணனின் முழங்கால்கள் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். கத்தி பிடித்த கையில் அந்த நடுக்கம் இல்லை, குரலிலும் இல்லை. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரிகிற தூரத்தில் இன்ஜின் பிடித்தது.

கரையேறியதும் இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனார்கள். வலையை உதற வேண்டும் என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். மணலில் கிடந்த வள்ளத்தில் ஏறி, அண்ணன் நின்ற இடத்தில் நின்று, "கனமா இருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.