பாதம் அளந்த கம்ப்யூட்டர்

கருகிப்போன ஒரு சர்க்யூட் போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன கோடை விடுமுறை. தர்மபுரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கூடம். போர்டின் அடியில் ஓடிய செம்புக் கோடுகள் நிழலாகத் தெரிந்தன. ஒரு மூலை மட்டும்தான் கரி. இதை அப்படியே புதிதாக வரைந்துவிட்டால் என்ன?

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி வாய் ஓயாது. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாது.

அக்காவின் கணவருக்கு வளைகுடா நாட்டில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. கல்யாணமான புதிதில், டிவியோடும் டேப் ரெக்கார்டரோடும் இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு பிறந்த மகளை அவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. கடிதத்துக்குப் பதில் பேசிப் பதிந்த கேசட்தான் வரும். அந்தக் கோடையில் வந்த கேசட்டில், "கடைசியில பாப்பாவுக்கு ஒரு படம் பதிஞ்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல போட்டு ரெண்டு பேரும் பாருங்க" என்றார். அதன் பிறகு காதைக் குடையும் கீச்சொலி. கம்ப்யூட்டர் கேட்டால்தான் அது படமாக மாறும். கம்ப்யூட்டரோ, அதற்கு முந்தின மாதமே கரண்ட் ஏறி இறங்கியதில் புகைந்துபோயிருந்தது.

குழந்தை அந்தக் கீச்சொலிக்குக் கை தட்டி ஆடும். "அவுங்கப்பா பாடறாங்கன்னு நெனச்சிக்கிட்டா" என்று அக்கா சிரிப்பாள். சிரித்து முடித்ததும் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. போர்டுக்கு எங்கம்மா போவீங்க?" என்று ரேடியோ கடைக்காரர் கையை விரித்தார்.

சேலத்துக்குப் பஸ் ஏறி, செம்பு பூசிய அட்டை ஒன்று வாங்கிவந்தேன். பழைய போர்டின் கோடுகளை மெல்லிய தாளில் நகலெடுத்து, கருகிய மூலையை யோசித்து நிரப்பி, அட்டையில் அக்காவின் ரோஸ் நெயில் பாலிஷால் வரைந்தேன். ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் பாலிஷ் பூசாத செம்பெல்லாம் கரைந்து கோடுகள் மட்டும் நிற்கும். சோப்பு டப்பாவில் ஊற்றி ஆட்டியதில் என் தாவணி முழுக்கத் துருக்கறை.

"பொண்ணு பாக்க வர்ற வயசுல வூட்டுக்குள்ள திராவகம் காய்ச்சறா பாரு!" என்று அம்மா கத்தினாள்.

"அது திராவகம் இல்லம்மா, காய்ச்சவும் இல்ல."

"ஏன் கண்ணு, திட்டறப்பகூட திருத்துவியா?" என்றாள் அக்கா.

துளை போட்டு, பழைய போர்டிலிருந்து கழற்றிய உறுப்புகளைப் பொருத்திப் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. எந்த உறுப்பின் கம்பிக் காலும் சரியான கோட்டில் உட்காரவில்லை. தாளை மறுபக்கமாகப் பிரட்டி வைத்து வரைந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடது வலதாகப் போயிருந்தது. வேறு அட்டை இல்லை. மறுநாள் காலை ஹாஸ்டலுக்குக் கிளம்ப வேண்டும்.

"போவுது விடு கண்ணு. படம் எங்க ஓடிடப் போவுது?" என்று அக்கா என்னைத் தேற்றிவிட்டு, தரையில் ஒரு தாளை விரித்துக் குழந்தையை அதன்மேல் நிறுத்தினாள். செருப்பு வாங்கி அனுப்ப அக்காவின் கணவர் குழந்தையின் கால் அளவு கேட்டிருந்தார். பென்சிலால் ஒரு பாதத்தைச் சுற்றி வரைந்து முடிப்பதற்குள் குழந்தை ஓடிவிட்டது.

"இன்னொரு காலுக்கு அளவு வேணாமாக்கா?" என்றேன், வழக்கம்போல.

"அது எதுக்கு? தாளைத் திருப்பிப் புடிச்சா அந்தக் காலு."

நான் போர்டைத் திருப்பினேன். உறுப்புகளை மேல்பக்கம் வைப்பதற்குப் பதில் செம்புப் பக்கத்திலேயே வைத்தால்? ஒவ்வொரு காலும் அதனதன் கோட்டில் போய் நின்றது. அக்காவைக் கட்டிப்பிடித்தேன். "என்னாச்சுடி உனக்கு?" என்று அவள் பயந்தே போனாள்.

சாயங்காலம் எல்லாக் கால்களையும் ஈயம் உருக்கிப் பற்றவைத்து முடித்ததும் டிவியைப் போட்டு, கேசட்டை ஓடவிட்டோம். கீச்சொலி நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு சின்னப் பாதம். அப்புறம் அதையே திருப்பிப் போட்ட இன்னொரு பாதம். குழந்தை நடக்கத் தொடங்கியபோது அக்கா அனுப்பியிருந்த அளவு அது. கடைசியாக அவற்றின் பக்கத்தில் இரண்டு பெரிய பாதங்கள், ஒன்றாக நிற்பதுபோல.

அக்கா டிவிக்கு அருகில் போனாள். குழந்தையைத் தூக்கி அதன் காலைத் திரையில் வைத்தாள். விரல்கள் கோட்டைத் தாண்டி வெளியே வந்தன.

"பாரு கண்ணு, எவ்வளவு வளந்துட்டா! அவுங்களுக்குத் தெரியாதே."

டிவியின் அளவு மாறினால் படத்தின் அளவும் மாறும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்கக்கா, நல்லாவே வளந்துட்டா" என்றேன். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் நின்ற அந்த நிமிஷம், படித்த எதைக் காட்டிலும் என்னோடு இருக்கிறது.

இப்போது அக்காவுக்கு ஓர் ஆசை. அவளும் குழந்தையின் பாதத்தைக் கீச்சொலியாகவே பதிந்து பதில் அனுப்ப வேண்டுமாம். கேசட்டில் பதிவு செய்யும் இன்னொரு சின்ன போர்டும் கம்ப்யூட்டர் புகைந்த அன்றைக்கே கருகியிருந்தது. இந்த விடுமுறைக்கு அதைத்தான் வரையப்போகிறேன். புது அட்டை வாங்கியாயிற்று. நகலெடுக்கும் தாளில் 'மேல்பக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டேன். குழந்தையின் கால் அதற்குள் இன்னும் வளர்ந்திருக்கிறது. நான்தான் கொஞ்சம் வேகமாக வரைய வேண்டும்.