கிணற்றுப் பங்கும் கம்பெனிப் பங்கும்

கீழக்குயில்குடியிலிருந்து தேனி ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சமணர் மலைப் பாறை வெயிலில் தகித்தது. பின்னால் கம்பெனி ஷெட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. போட்ட பணம் வராது.

சிறுதானிய சேமியா செய்த சின்னக் கம்பெனி அது. நான் லோடு வண்டி ஓட்டினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூர், கோவா என்று ஓரிடத்தில் தரிக்காமல் திரிந்தவன், அங்கேதான் கொஞ்சம் நிலைத்தேன். முதலாளி என்னைவிடச் சின்னவர், இன்ஜினியர். ஒருநாள் வண்டியில் கூட வரும்போது கேட்டார்.

"அண்ணே, கம்பெனியில பங்கு எடுத்துக்கங்களேன். புதுக் கம்பெனின்னு கவர்மென்டு மூணு வருசம் வரி விலக்கு குடுத்திருக்கு. ரிஸ்க்கும் இருக்கு, அதையும் சொல்லிர்றேன்."

"இந்த வண்டிக்கு பிரேக்கே பாதிதான் பிடிக்குது. இதைவிடவா ரிஸ்க்கு?" என்று சிரித்தேன்.

எங்கள் எழுமலைப் பக்கம் பங்கு என்றால் கிணற்றுப் பங்கு. ஒரு கிணறு பங்காளிகளுக்குப் பொது. அவரவர் முறைக்கு மோட்டாரைப் போட்டுப் பாய்ச்சிக்கொள்ளலாம். கிணறு வற்றினால் எல்லோரும் சேர்ந்து ஆழப்படுத்துவார்கள். எந்தக் கோடையிலும் பங்கு மட்டும் வற்றாது. பங்கு என்று அவர் சொன்னதும் எனக்கு அதுதான் மனதில் வந்தது. வரி விலக்கு என்றதும், விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்கிற மாதிரி, நட்டம் வந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் நிலத்தையும் கிணற்றுப் பங்கையும் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்து அந்தப் பணத்தைப் போட்டேன். பணத்தோடு வந்தால் திருப்பித் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

நட்டத்தில் கம்பெனியை மூடுவதென்று ஆகி, அன்று ஆடிட்டர் வந்து, பங்கு போட்டிருந்த எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"மெஷினை வித்தா பேங்குக் கடனுக்கே பத்தாது. பங்குக்காரங்களுக்குக் கடைசியிலதான். உங்க முறை வாரப்ப எதுவும் மிஞ்சாது."

"அந்த வரி விலக்கு சார்?" என்றேன்.

"அது கம்பெனி லாபத்துக்கு. லாபமே வரலியே, எதுல விலக்கு?"

பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார், "எங்க நட்டத்துக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு இருக்குய்யா. வேற ஷேர் வித்து லாபம் பாத்தீங்கன்னா இந்த நட்டத்தை அதுல கழிச்சுக்கலாம். வரி குறையும். எட்டு வருசம் வரைக்கும் கொண்டுபோகலாம். வரிக் கணக்கை மட்டும் நாளோட தாக்கல் பண்ணிருங்க."

வாத்தியார் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எனக்கு சார்?"

"வேற ஷேர் இருக்கா? இல்ல, நிலம், வீடு ஏதும் விக்கிற மாதிரி?"

"இருந்ததை வித்துத்தான் சார் இதுல போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி தலை நிமிரவில்லை. "ஆறுதலுக்குக்கூட நாலு காசு வேணும் போல தம்பி" என்றார் வாத்தியார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நாகமலை தாண்டும்போது அண்ணனின் போன் வந்தது.

"எப்படா வார? கிணத்துக்குள்ள போரு போடப்போறோம். அதுக்கு முன்னாடி பணத்தைக் கொண்டாந்தா உன் பங்கு உனக்கு. இல்லாட்டி எம் மகன் பேருக்கு எழுதிருவேன், பிறகு கேக்கக் கூடாது."

"எழுதிருங்கண்ணே."



"அம்புட்டும் போச்சா?"

"போச்சு."

"சாப்டியா?"

"சாப்ட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

இரவு பழங்காநத்தம் வந்து, பூட்டிய ஒரு கடை வாசலில் படுத்தேன். காலையில் எதிரே புரோட்டாக் கடையைத் திறந்தார்கள். மாவு பிசைய ஆள் வேண்டும் என்று கடைக்காரர் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"எம்புட்டு நாள் இருப்ப? வாரவன் எல்லாம் கை வலிக்குதுன்னு ஓடிப்போறான்."

"போறதுக்கு இடமில்லண்ணே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பச் சரி. சட்டையைக் கழட்டிட்டுக் கையைக் கழுவு."

மூட்டையைப் பிரித்து மாவைக் கொட்டினேன்.