துடுப்பை விட்டுக் கும்பிட்ட நாள்

அன்று நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. காலை ஏழு மணிக்குக் குளம் நிரம்பி, மூன்று அடி உயரத்தில் வான் பாய்ந்தது.
2. எட்டு மணிக்கு, வானுக்கு அப்பால், குளக்கட்டின் அடியில் கைத் தடிப்பில் ஒரு ஊற்றுக் கிளம்பியது. கலங்கல் தண்ணீர்.
3. மண் நிரப்ப இருநூறு வெற்று உரப்பைகள் களஞ்சியத்தில் இருந்தன. களஞ்சியம் இக்கரையில். ஊற்று அக்கரையில்.
4. பதினொரு மணிக்கு மூன்று பேர் தெப்பத்தில் புறப்பட்டோம்.
5. நடுவெள்ளத்தில் இரண்டு பேர் துடுப்பை விட்டோம். ஒருத்தி நான்.
6. எண்பது பைகள் கரை சேர்ந்தன.

எங்கள் பங்குக் கோயில் பாதர், வேலைக்குப் போகப்போகிற இளையோர் வாசிக்க, தொழிலையும் விசுவாசத்தையும் சேர்த்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார். நான் நீர்ப்பாசன வேலையில் ரி.ஏ., அதாவது தொழில்நுட்ப உதவியாளர். பயிற்சி முடித்து, கனகராயன்குளம் என்ற ஊருக்கு உள்ளே இருந்த அந்தக் குளத்துக்கு வந்து அது இரண்டாவது மாரி. எழுத வேறு சம்பவம் தேடினேன். கிடைக்கவில்லை.

தெப்பம்

வான் என்றால் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். எங்கள் வானுக்குக் கீழே பாறை. நாற்பது கெஜ அகலத்துக்கு வெள்ளம் படிபடியாய் விழுந்து, வெள்ளை நுரையாய் ஓடும். அக்கரையில் முப்பத்தெட்டு வீடுகள். எழுபத்தேழாம் ஆண்டு இனவன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின சனம். ஊற்று இருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்த வீடுகள்.

மட்டம் பார்க்கிற லெவல் கருவியின் கண்ணாடியால் அக்கரையைப் பார்த்தேன். பழைய கருவி, எல்லாம் தலைகீழாய்த் தெரியும். தலைகீழாய்த் தெரிந்த சனம் கூடைகூடையாய் மண் கொட்டி ஊற்றின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அது பிழை. வெளியே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வாய் தேடும். ஊற்றைச் சுற்றி மண்பையால் கிணறு மாதிரி வளையம் கட்டி, தண்ணீரை உள்ளே உயரவிட வேண்டும். உயர்ந்தால் வேகம் குறையும், கட்டின் மண்ணை அரிக்காது. இதைக் கத்திச் சொன்னேன். வானின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தெப்பம் கட்டியது மரியான் அண்ணை. முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி. மாரியில் கடல் கொந்தளிக்கும் என்பதால் அந்த மாதங்களில் எங்களிடம் கூலி வேலைக்கு வருவார். பீப்பாய் மாதிரி நாலு வெறும் தார்ப் பரல், காற்றடித்த இரண்டு ட்ரக்டர் ரியூப், மேலே கொங்கிறீற் வேலைப் பலகை. அதில் பைகளை நாற்பது நாற்பதாய் ஐந்து கட்டாகக் கட்டினோம். நான் பாரத்தைக் கணக்குப் பார்த்தேன். மிதக்கும் என்று வந்தது. சொன்ன பக்கம் திரும்புமா என்று பார்க்கவில்லை.

மூன்றாவது ஆள் ராமையா. அக்கரைக் குடியேற்றத்துக்காரர், வான் காவலாளி. முந்தின நாள் வேலைக்கு வந்தவர் வெள்ளத்தால் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றார். மனைவி பார்வதியும் மூன்று பிள்ளைகளும் அந்தப் பக்கம்.

"என்னைய விட்டுட்டுப் போயிடாதீங்க மிஸ்," என்றார்.

மரியான் அண்ணை பலகையில் செதுக்கின துடுப்புகளை எங்கள் கையில் தந்தார். "நான் இழு எண்டால் இழுக்கவேணும். நிப்பாட்டப்படாது. தண்ணியின்ரை வேகத்திலையே போனால் தெப்பம் சொல்லுக் கேளாது. தண்ணியை முந்தினால்தான் திரும்பும். விளங்கிச்சுதோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"ராமையா, உமக்கு?"

"தோட்டத்துல பொறந்தவனுக்குத் தண்ணியில என்னா தெரியும்? நீங்க சொல்றதச் செய்றேன்."

"அப்ப சரி. ஒண்டும் தெரியாதவன்தான் சொல்வழி கேப்பான். படிச்ச ஆக்களிலைதான் எனக்குப் பயம்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கை

முதல் பாறைப்படியில் தெப்பத்தின் முன்பக்கம் அப்படியே கீழே போனது. தண்ணீர் தலைக்கு மேலால் வந்தது. அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. துடுப்பை விட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன். என் இடப்பக்கம் ராமையா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "முருகா!" என்றார்.

இரண்டு துடுப்பும் போய்விட்டன.

"அட பாவியளே! கையை விட்டிட்டியளே!" மரியான் அண்ணை பின்னால் நின்று கத்தினார். அவரும் செபித்துக்கொண்டுதான் இருந்தார். மாதாவின் பெயரும் எழுத முடியாத தூஷணமும் ஒரே மூச்சில் வந்தன. ஆனால் அவருடைய கை, தெப்பத்தைத் திருப்புகிற நீட்டுத் துடுப்பைவிட்டு அசையவில்லை.

தெப்பம் குறுக்கே திரும்பிப் பாறையை நோக்கிப் போனது.

"பாறைப் பக்கம் பாயுங்கோ! பாறையைக் கட்டிப் பிடியுங்கோ!"

மோதப்போகிற பாறையிலிருந்து உடம்பு விலகத்தான் பார்க்கும். விலகினால் மறுபக்கம் தாழ்ந்து, வெள்ளம் ஏறித் தெப்பத்தைக் கவிழ்க்கும். நான் பாறைப் பக்கம் விழுந்தேன். ராமையா ஒரு கணம் பிந்தினார். அவருடைய முழங்கால் பரலுக்கும் பாறைக்கும் நடுவில் அகப்பட்டது. அந்தச் சத்தம் இரைச்சலுக்கு மேலால் கேட்டது. பைக்கட்டுகள் ஐந்தில் மூன்று கயிறறுந்து போயின. அவற்றுக்குப் பின்னால் ராமையாவும் போனார்.

அவரைக் கீழே ஒரு மருதமரத்தின் கொப்பு பிடித்து வைத்திருந்தது. ஊர்ச்சனம் இழுத்தெடுத்தது. நானும் மரியான் அண்ணையும் பலகை ஒன்றைப் பிடுங்கி வலித்து, நினைத்த இடத்துக்கு இருநூறு கெஜம் கீழே கரை தொட்டோம்.

பைகள்

எண்பது பைகளுக்கு வளையம் முழங்கால் உயரம்தான் வந்தது. தண்ணீர் இன்னும் கலங்கலாய் வந்தது. இன்னும் அறுபது பை இல்லாவிட்டால் ஊரைக் கிளப்ப வேண்டும் என்று சொன்னேன்.

ராமையாவின் மனைவி பார்வதி, அவருடைய காலுக்குத் தடி வைத்துக் கட்டிவிட்டு எழும்பி வந்தா. "பைதானே வேணும்?" என்று கேட்டா. வீட்டுக்குள் போனா. கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு வைத்திருந்த விதைநெல்லை மண் தரையில் கொட்டிவிட்டு, வெறும் சாக்கோடு வந்தா. அவாவைப் பார்த்து மற்ற வீடுகளும் கொட்டின.

பின்னேரம் நாலு மணிக்கு வளையம் இடுப்பளவு உயர்ந்தது. நாலரைக்குத் தண்ணீர் தெளிந்தது. நான் சேற்றிலேயே குந்திவிட்டேன். சந்தோஷம் வரவில்லை. நித்திரைதான் வந்தது.

கிடுகுக் கூரைகள் ஒழுகின. மூன்றாம் நாள் விதைநெல் தரையில் முளைத்திருந்தது.

பாடம்

பாதருக்கு முதலில் ஐந்து பாடங்கள் எழுதினேன். திரும்ப வாசித்து மூன்றை வெட்டினேன். கடவுள் தெப்பத்தில் எங்களோடு இருந்தார் என்பது அதில் ஒன்று. அது பொய்யில்லை. ஆனால் அன்று எனக்கு அது தெரியவில்லை. தெரிந்தமாதிரி எழுத முடியாது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று: செபத்துக்கு வாய் போதும், மனம் போதும். உங்கள் கையில் ஒரு துடுப்பு தரப்பட்டிருந்தால் அந்த நேரத்தில் அதைப் பிடித்திருப்பதும் செபம்தான். நான் கையை எடுத்தது விசுவாசத்தால் அல்ல, பயத்தால். வெளியே இரண்டும் ஒரேமாதிரித்தான் இருக்கும்.

மற்றது பாறையைப் பற்றியது. மோத வருவதிலிருந்து விலகினால்தான் கவிழ்வோம். அறிக்கையில் நான் "நூற்றிருபது பைகள் நீரோட்டத்தில் இழக்கப்பட்டன" என்று எழுதினேன். பிழையில்லாத வசனம். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு கிழமை அந்த வசனத்தோடு இருந்தேன். பூசைக்குப் போனேன், மனம் உறுத்தியதால் நற்கருணை வாங்கவில்லை. பிறகு அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டு அக்கரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. சனம் கூடியிருந்த இடத்தில், "நான் துடுப்பை விட்டதாலைதான் பைகள் போனது. உங்கடை விதைநெல் போனதும் அதாலைதான்," என்று சொன்னேன். மன்னிப்பார்கள் என்று நினைத்துப் போகவில்லை. விலகி நிற்க இனி ஏலாது என்றுதான் போனேன்.

பார்வதி சொன்னா: "கையெடுத்தது நீங்க மட்டுமா? எங்க வீட்டு ஆளுந்தானே. அது போவட்டும். வெதநெல்லுக்கு என்னா வழின்னு சொல்லுங்க மிஸ்."

ஸ்கந்தபுரத்தில் நெல் விதைக்கிற கமக்காரர்களிடம் வீடுவீடாய்க் கேட்டேன். பங்குக் கோயிலிலும் கேட்டேன். இருபத்தேழு குடும்பங்களுக்கு விதைநெல் சேர்ந்தது. பதினொரு குடும்பங்களுக்குச் சேரவில்லை.

இன்றைய நிலை இது. குளக்கட்டு நிற்கிறது. ஊற்று நிற்கவில்லை, ஆனால் தெளிந்த தண்ணீராய்த்தான் வருகிறது. கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கிறேன். ராமையா நொண்டுகிறார், காவல் வேலைக்கு வருவதில்லை. பைக் களஞ்சியம் இப்போது அக்கரையில் இருக்கிறது. அந்தச் சிறுபோகத்தில் விதைக்காத பதினொரு குடும்பங்களில் எட்டுக் குடும்பங்கள் அடுத்த மாரியில், காலபோகத்தில், விதைத்தன. மூன்று குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. எங்கே போனார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.