மாடிப்படி ஏறிப் போன கல்லூரி

“…கீழ சாப்பாட்டுக் கடை இருந்தா என்னண்ணே, மேல பாடம் ஒழுங்கா நடக்குதான்னு பாருங்க லா!” என்று அப்பாவிடம் சொன்னார், கல்லூரிக் கவுண்டரில் பதிவு எழுதும் அக்கா. கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். பேச்சு சூடேறினால் உருவிக்கொள்வார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

எண்பதுகளின் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம். இன்று பல நாடுகளில் வளாகம் வைத்திருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகம், அன்று இரண்டே வகுப்பறை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடமில்லை. இங்கேயும் அப்பா கையெழுத்துப் போடாவிட்டால் கிள்ளான் தொழிற்சாலைதான்.

“உங்க வீட்டுப் பிள்ளைய இங்க சேர்ப்பீங்களா?” என்று மடக்கினார் அப்பா.

“பிள்ளை எதுக்குண்ணே?” என்று சிரித்தவர், ஐந்து மணி அடித்ததும் கவுண்டரை மூடினார். நோட்டை எடுத்துக்கொண்டு நேரே வகுப்புக்குள் போய், முதல் பெஞ்சில் மாணவியாக உட்கார்ந்தார்.