வெர்னா ஹால்வர்சனின் சிவப்பு வட்டம்

டெபுடி ஷெரீப் என்னும் போலீஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வெர்னா ஹால்வர்சனுக்கு அந்த மாவட்டத்தின், அதாவது கவுண்டியின், வடக்குக் கோடிதான் ரோந்து. சரளைச் சாலையும் கோதுமை வயலும் ஓயாத காற்றும் உள்ள, அமெரிக்காவின் மொன்டானா மாநில மூலை அது. எந்த வீட்டு வாசலில் இறங்குமுன் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த நாய் குரைப்பதோடு நிறுத்தாது, எந்தப் பெரியவர் குளிர்காலத்தில் கதவைத் திறக்கத் தாமதித்தால் கவலைப்பட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். உதவிக்கு இன்னொரு வண்டி கேட்டால், அது வந்து சேருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதனால் வாயில் பொறுமையும் இடுப்பில் பிஸ்டலும் எப்போதும் சரியாக இருக்க வேண்டும் என்பாள். பணியில் அவள் இதுவரை சுட்டது, லாரியில் அடிபட்டுத் துடித்த மான்களை மட்டுமே.

ஐம்பதைத் தாண்டியதும் கண் மக்கர் செய்யத் தொடங்கியது. பிஸ்டலின் நுனியில் இருக்கும் குறி, பஞ்சு ஒட்டியதுபோல் மங்கிப்போனது. மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் குறி தெளியும், இலக்கு மறையும். கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திச் சுட்டாள்.

“கோழி தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கு” என்றான் கணவன் ஓரின்.

சிரிக்கும் விஷயமாக இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் சுடும் தேர்வு நடக்கும். ஒரே நாளில் இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் ரோந்து வேலை பறிபோய்விடும்; கவுண்டிச் சிறையின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்திக் கதவு திறந்துவிடும் வேலைதான். போன வருடம் அவள் இரண்டாவது வாய்ப்பில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள்.

இந்த வருடம் ரெட் டாட் வைத்துக்கொள்ள ஷெரீப் அனுமதி தந்தார்; அதைப் பூட்டத் துளையுள்ள புது பிஸ்டலும் கொடுத்தார். பிஸ்டலின் மேல் பொருத்துகிற, தீப்பெட்டியைவிடச் சிறிய கண்ணாடிக் கருவி அது. பார்வையை இலக்கின்மேலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரியும் சிவப்புப் புள்ளியை அங்கே கொண்டுபோனால் போதும். அருகே ஒன்று, தூரத்தே ஒன்று என்று கண் அல்லாட வேண்டியதில்லை.

துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் கஸ் பெட்ராக், இருந்ததையெல்லாம் மேசைமேல் பரப்பினான். முதல் கருவிக்குள் எட்டிப் பார்த்ததுமே வெர்னா முகம் சுளித்தாள்.

“இது புள்ளியா கஸ்? நசுங்கின தக்காளி மாதிரி இருக்கு.”

“புத்தம் புதுசு அது. சரி, இதைப் பாரு.”

“இது வால் முளைச்ச தக்காளி.”

கஸ் கைபேசியை எடுத்து, கருவியின் கண்ணாடி வழியாகவே ஒரு படம் பிடித்துக் காட்டினான். படத்தில் புள்ளி குண்டுமணிபோல் உருண்டையாக இருந்தது.

“சாமான்ல கோணல் இல்ல, வெர்னா. உன் கண்ணுலதான் கோணல்.”

“வாடிக்கைக்காரங்கள இப்படித்தான் கவனிப்பியா?”

“கண் டாக்டர்கிட்ட போ. இதையே மரியாதையா சொல்வாரு.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. கண் இப்படித்தான் என்றால் அதற்கு ஏற்றதைத் தேடுவோம் என்று ஒவ்வொன்றாகக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், வெளுத்த பனியை நோக்கி ஒரு முறையும் எதிரே இருண்ட கொட்டகையை நோக்கி ஒரு முறையும் பார்த்தாள். கடைசியில் ஒன்றில் புள்ளியைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம் தெரிந்தது. வட்டம் கொஞ்சம் இழுபட்டாலும் அதன் நடு எது என்பதில் கண்ணுக்குக் குழப்பமில்லை. அதிலும் நாலு பக்கமும் மூடிய வகைதான் வேண்டும் என்றாள். மேலே திறந்த வகை இலேசு, பார்க்கவும் அழகு. அதில் ஒன்றை வாசலில் கொட்டிக்கொண்டிருந்த பனியில் நீட்டிப் பிடித்தாள். உள்ளே விளக்கின்மேல் பனித்துகள் விழுந்து புள்ளி அணையும்வரை கையை இழுக்கவில்லை.

“வாங்காத சாமான ஏம்மா நனைக்கிற?” என்று கத்தினான் கஸ்.

“என் வேலை நனையற எடத்துல. நனைச்சுத்தான் பாக்கணும்.”

ஓரின் பட்டறை வைத்திருப்பவன். பொருத்தித் தருகிறேன் என்றான். நம்பி இடுப்பில் கட்டிக்கொள்ளப் போகிறவள் நான், நானே பூட்டுகிறேன் என்றாள் வெர்னா. திருகுத் துளைகளில் ஒட்டியிருந்த எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். ஒவ்வொரு திருகிலும், அது தளராமல் பிடித்துக்கொள்ள, ஒரு சொட்டு நீலப் பசை வைத்தாள். இறுக்கம் காட்டும் சின்ன ஸ்பானரால், கருவியோடு வந்த தாளில் சொன்ன அளவுக்கு இறுக்கினாள். திருகு தளர்ந்தால் கண்ணில் படவேண்டுமென்று அதன் தலைக்குக் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். ஆயுளில் அவள் நகப்பூச்சு வாங்கியது அதற்காகத்தான்.

கருவியோடு வந்த பொட்டலத்தில் குட்டையும் நீளமுமாக இரண்டு வகைத் திருகுகள் இருந்தன. பூட்டுமுன் அவள் நீளமானதை எடுத்தபோது, “குட்டையே போதும்னு தோணுது” என்றான் ஓரின். கால்நடைப் பண்ணையில் வேலிக் கம்பம் நட்டு வளர்ந்தவள் வெர்னா. ஆழம் போகப் போகப் பிடிப்பு என்பது அவள் ரத்தத்தில் ஊறியது.

“போன காத்துக்குச் சாஞ்சுதே, அந்த வேலி யார் போட்டது?”

ஓரின் குட்டைத் திருகுகளைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டான்.

பிறகு தினமும், காபி வடியும் நேரத்தில், தோட்டா இல்லாத பிஸ்டலைக் கூடத்து மின்விளக்குச் சுவிட்சை நோக்கி உயர்த்திப் பழகினாள். முதலில் கண்ணாடிக்குள் வட்டமே தென்படாது. தலையை அங்கும் இங்கும் ஆட்டித் தேடுவாள். சில வாரங்களில், பார்வை சுவிட்சிலேயே நிற்க, கை தானாகவே கண்ணுக்கு நேரே வந்து நிற்கப் பழகியது. ஓரின் நிலவறையில் தன் கையால் செய்து வைத்திருந்த தோட்டாக்களை அவள் எடுத்துப்போய்ச் சுட்டு, வட்டத்தின் நடுவில் குண்டு விழும்படி கருவியைச் சரிசெய்துகொண்டாள். அன்று இரண்டு முறை, சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே வராமல் சிக்கியது.

“உன் தோட்டா சரியில்ல” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

“நான் செஞ்ச தோட்டா இதுவரைக்கும் சிக்கினதா சரித்திரம் உண்டா?”

“உனக்கும் வயசாச்சு, உன் தோட்டாவுக்கும் வயசாச்சு.”

அன்று சாப்பாட்டில் உப்பை அவளிடம் கேட்காமல், ஓரின் தானே எழுந்துபோய் எடுத்துவந்தான்.

தேர்வு நாளன்று, பழைய சரளைக் குழியில் பனி உருகிச் சேறாகியிருந்தது. நடத்தியவன் சார்ஜென்ட் டட்டில். அவளைவிட வயதில் இளையவன். எல்லோருக்கும் அலுவலகத்துத் தோட்டாதான். விசில் ஊதியதும் வெர்னா சுட்டாள். வட்டம் எழுந்தது, நின்றது, ஓட்டைகள் இலக்கின் நெஞ்சில் நெருக்கமாக விழுந்தன. பல வருடங்களாக அவள் அப்படிச் சுட்டதில்லை. ஆனால் நடுவிலேயே உறை சிக்கியது. தட்டி உதறித் தொடர்ந்தாள். மறுபடி சிக்கியது. மறுபடியும். நேரம் முடிந்தபோது சுடாத தோட்டாக்கள் மிச்சமிருந்தன.

டட்டில் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். “துப்பாக்கி சிக்கினா திரும்பச் சுட விதி இருக்கு. இதைக் கணக்குல எடுக்க வேணாம்.”

அவள் கையிலிருந்த உறையைத் திருப்பிப் பார்த்தாள். ஓரினின் தோட்டா இல்லை இது. அப்படியானால் அன்றும் தோட்டாவின் தப்பு இல்லை.

“துப்பாக்கி தானா சிக்கினாத்தான் அந்த விதி. இது நான் பூட்டினதுல வந்த கோளாறு. தவறிட்டேன்னு எழுதிக்கோ.”

“உங்களுக்கு இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போனா பொத்தான் அழுத்தணும்.”

“எண்ணத் தெரியும், சார்ஜென்ட்.”

வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கருவியைக் கழற்றினாள். வலப்பக்கத் திருகின் நுனி பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்தத் துளைக்கு நேர் கீழேதான், வெற்று உறையை இழுத்து வெளியே எறியும் கொக்கியின் கம்பி ஓடுகிறது. நீளத் திருகு அதன்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கியிருக்கிறது. ஓரினைக் கைபேசியில் அழைத்தாள்.

“உன் தோட்டா நல்ல தோட்டா.”

“யார் பேசறது?” என்றான் ஓரின்.

“குட்டைத் திருகுதான் சரி. போதுமா?”

“இன்னொரு தடவை சொல்லு, இரைச்சலா இருக்கு.”

“வீட்டுக்கு வந்து சொல்றேன். வை.”

பொட்டலம் வண்டியிலேயே இருந்தது. குட்டைத் திருகுகளைத் துடைத்து, பசை வைத்து, அதே அளவுக்கு இறுக்கினாள். அவள் கையில் அவசரமே இல்லை. நான்கைந்து குண்டுகள் சுட்டுப் பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் விழுந்ததைத் திருத்திக்கொண்டு கோட்டில் போய் நின்றாள்.

இரண்டாவது விசிலுக்குப் பின் எதுவும் சிக்கவில்லை. உறைகள் அவள் தோளுக்கு மேலே பறந்து சேற்றில் விழுந்தன. கழுத்தை நிமிர்த்தவில்லை; கண்ணைச் சுருக்கவில்லை. டட்டில் இலக்குத் தாளைக் கிழித்து எடுத்துவந்து, அன்று சுட்ட இளவட்டங்கள் இரண்டு பேரிடம் காட்டிவிட்டு வந்தான்.

“தேறிட்டீங்க. சாயங்காலம் வடக்கே கிளம்புங்க.”

வெர்னா மாட்டேன் என்று தலையசைத்தாள். “இன்னிக்கு முடியாது. பசை காய ஒரு நாள் ஆகும். காயாததை நம்பி அங்க தனியாப் போக மாட்டேன்.”

“அப்ப பழைய பிஸ்டல்?”

“அதுல இந்த வருஷம் தேறலையே நான். உள்ள வேலை ஏதாவது குடு.”

டட்டிலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான்.

கருவி பொருத்திய பிஸ்டலை அலமாரியில் பூட்டிவிட்டு, மாலையில் வெர்னா கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தாள். துணிமூட்டையோடு சலவைக்குப் போன கைதி ஒருவன் அறையின் கண்ணாடிச் சுவர் வழியாக அவளை அடையாளம் கண்டு நின்றான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக வடக்கே அவளே பிடித்து வந்தவன்.

“என்ன வெர்னா, உன்னையும் உள்ள போட்டுட்டாங்களா?”

“ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு உங்க ஊர்ப் பக்கம் போறேன். உங்கம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமா?”

அவன் யோசித்தான். “நல்லா இருக்கேன்னு சொல்லு.”

“சொல்றேன். நகரு” என்று அவள் பொத்தானை அழுத்தினாள்.