கம்ப்யூட்டரிடம் கேட்ட பர்மிஷன்

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. வரி கோணலாகப் போகும். எது முன்னால், எது பின்னால் என்பதும் தப்பிப் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வந்த எரிச்சல் மட்டும் மறக்கவில்லை.

அப்போது திருவொற்றியூரில் குடியிருந்தோம். மகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் நானும் மருமகளும்தான். என் வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. முதல் திவசத்துக்கு மாட்ட ஒரு படம் வேண்டும். கையில் இருந்தது அவருடைய கம்பெனி அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் யாரோ அதட்டினதுபோல விறைத்துக்கொண்டிருப்பார். இன்னொன்றை மகன் தன் புதுக் கேமராவில் எடுத்திருந்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு நண்டு அவருடைய தோள் துண்டைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது. மனிதர் ஓட்டைப் பல் தெரியச் சிரிக்கிறார். அவர் சிரிக்கிற படம் என்னிடம் வேறு கிடையாது. அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அந்தப் பெட்டியை மகனே பொருத்தி, லினக்ஸ் என்று ஏதோ போட்டு வைத்திருந்தான். அவனுக்கு ஒரு பாஸ்வேர்டு, மருமகளுக்கு ஒரு பாஸ்வேர்டு. கன்டெய்னர் லாரிகளின் புழுதி ஏறாமல் துணி போட்டு மூடுவது என் வேலை. அதற்கு மேல் நான் அதைத் தொட்டதில்லை. மருமகள் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். உட்கார்ந்து தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

“பர்மிஷன் இல்லன்னுது அத்தே.”

எங்கள் வீட்டில் பர்மிஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். லீவு போட மனசில்லாத நாளில் பேக்டரி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வெளியே வருவாரே, அதுதான்.

“ஒரு மணி நேரம் போதுமே. பிரிண்ட் எடுத்துகினு திருப்பிக் குடுத்துரலாம். காலைல கேட்டா குடுக்குமா?”

“அய்ய, அத்தே! உள்ள மேஸ்திரியா குந்திகினு கீறாரு?”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு பைலுக்கும் மூன்று உரிமை உண்டாம்: பார்ப்பது, திருத்துவது, புரோகிராமாக இருந்தால் ஓட்டுவது. ஆட்களும் மூன்று வகையாம்: சொந்தக்காரர், அவருடைய குரூப், மத்தவங்க. மகன் புறப்படும்போது போட்டோக்களை எல்லாம் சொந்தக்காரருக்கு மட்டும் என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

“அப்ப நான் யாரு?”

“நீங்களும் நானும் மத்தவங்க அத்தே.”

“அந்த ஆளுக்குக் கடைசி வரைக்கும் சோறாக்கிப் போட்டவ மத்தவளா? நல்லா கீதுடி உங்க நாயம்!”

குரல் உயர்த்திப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குத் தானாக வந்தது. உரிமையை மாற்ற ‘சிஎச்மாட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது என்று சொல்லி மருமகள் அதையும் தட்டிப் பார்த்தாள். சொந்தக்காரர்தான் மாற்றலாம் என்று வந்ததாம். பர்மிஷனை மாற்றுவதற்கும் பர்மிஷன்! அந்தத் துணியை எடுத்து அதன் தலையில் போட்டு மூடினேன்.

திவசம் நெருங்கும்போது ஏதோ துறைமுகத்திலிருந்து மகன் போன் செய்தான்.

“உங்கப்பா சிரிக்கிற போட்டோவ ஏன்டா நைனா பூட்டிகினு போன?”

“பக்கத்து வூட்டுப் பசங்க வந்து கேம் ஆடி, நோண்டி வெச்சிடுதுங்கம்மா. அதுக்குத்தான். போனை அவகிட்ட குடு, என் பாஸ்வேர்டு சொல்றேன்.”

மருமகள் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னாள். “பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?” என்று அவள் கேட்கும்போது லைன் போய்விட்டது, மறுபடி கிடைக்கவில்லை. பெரியதாகப் போட்டாள், சின்னதாகப் போட்டாள், கலந்து போட்டாள். எல்லாமே தப்பு என்றது.

திவசத்துக்கு அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாட்டினோம். வந்தவர்களில் ஒருத்தி, “இன்னாத்துக்கு மனுசன் இப்டி மொறைக்கிறாரு?” என்றாள். நான் தட்டு எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மகன் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவனைப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தேன். அவன் பெயரில் நுழைந்து சிஎச்மாட் போட்டான். “இப்ப நீ உன் பேர்ல போய்ப் பாரு” என்று மருமகளிடம் சொன்னான். மறுபடியும் பர்மிஷன் இல்லை.

“உனுக்கே பேஜாரு பண்ணுதா?” என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

தலையில் அடித்துக்கொண்டான். போட்டோ இருக்கிற போல்டரைத் திறக்கவில்லையாம். போல்டருக்கு மட்டும் ‘ஓட்டுவது’ என்றால் உள்ளே நுழைவது என்று அர்த்தமாம். அறை திறந்திருந்தும் வாசல் பூட்டியிருக்கிற கதை.

“சே! எல்லாத்துக்கும் மூணு ஏழு போட்டுடறேன், தொல்ல வுட்டுது.”

“ஏழுன்னா இன்னாடா?”

“பாக்கறதுக்கு நாலு, திருத்தறதுக்கு ரெண்டு, ஓட்றதுக்கு ஒண்ணு. கூட்டுனா ஆளுக்கு ஏழு. எல்லாரும் எல்லாமும் பண்ணலாம்.”

“பக்கத்து வூட்டுப் பசங்களுமா?”

“ஆமா.”

“அழிச்சிட்டா?”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏழு வேணாம்டா. எங்களுக்கு நாலு போதும். பாத்தா போதும்.”

“சரிம்மா. போட்டோவுக்கு நாலு. போல்டருக்கு மட்டும் நுழையறதுக்கு ஒண்ணு சேத்து அஞ்சு.”

மருமகள் தன் பெயரில் நுழைந்து தட்டினாள். நண்டு வந்தது, துண்டு வந்தது, அந்த ஓட்டைப் பல் வந்தது. இந்தச் சிரிப்புக்கா இத்தனை பாடு என்று அப்போதும் எனக்குக் கோபம்தான்.

சிஎச்மாட் என்றுதான் சொன்னார்களா, பார்ப்பதற்கு நாலா ரெண்டா என்பதெல்லாம் நான் காதால் கேட்டு நினைவில் வைத்தது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துத் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். இந்தக் காகிதத்துக்கு ஏழே தருகிறேன்.