அப்பாவின் அருணாக்கொடி

எங்கள் அப்பா எந்தப் பொருளை வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் விலையைக் கேட்கமாட்டார். "இது எத்தினி வருசம் ஒழைக்கும்?" என்றுதான் கேட்பார். எனக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போன இடத்திலும் அதையே கேட்டு என் மானத்தை வாங்கினார்.

கச்சிராயபாளையத்தில் வீடு. கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டியவர். காலையில் வெள்ளிமலைக்கு ஆளேற்றிக்கொண்டு போனால் பொழுது சாய இறங்கிவிடுவார். அவரிடம் இருந்த சாமான்கள் எல்லாம் அவரோடு சேர்ந்து வயதானவை. தினமும் சாவி கொடுக்க வேண்டிய கைக்கடிகாரம் ஒன்று. கண்ணாடியெல்லாம் கீறல், முள் எங்கே நிற்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மலைக் குளிருக்கு வாங்கிய பழுப்பு ஸ்வெட்டரின் முழங்கையில் அம்மா வைத்துத் தைத்த ஒட்டு, அம்மா போன பிறகும் பிரியவில்லை. பட்டாளத்து சிநேகிதர் ஒருவர் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு விஸ்கி பாட்டில் கொடுப்பார். அதுகூட அப்பாவிடம் ஒரு வருஷம் உழைத்தது. மலை இறங்கிய அலுப்புக்கு பாட்டில் மூடியில் ஒரு மூடி, அவ்வளவுதான். மலையில் காய்ச்சும் சாராயத்தைத் தொடவே மாட்டார். "அது ஆள ஒழைக்க வுடாது" என்பார்.

இவை எல்லாவற்றையும்விட அவரோடு ஒட்டிக் கிடந்தது இடுப்பில் இருந்த வெள்ளி அருணாக்கொடி. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்ததும் இடுப்பில் கயிறு கட்டிவிடுவார்கள். அது நைந்தால் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அறுப்பார்கள். இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. வெறும் இடுப்பு பிணத்துக்குத்தான், செத்த பிறகுதான் கொடியை அறுத்தெடுப்பார்கள்.

ஜீப்பை விட்ட பிறகு அப்பாவுக்குத் தொப்பை விழுந்தது. கொடி இறுகி, திருகில் அழுக்கேறி, கழற்ற முடியாமல் போயிற்று. கழற்ற வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும் வரைக்கும்.

நான் ஒரே பெண். உளுந்தூர்பேட்டையிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஆபரேஷன் என்றார்கள். என் வீட்டுக்காரர் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னதும் அப்பா கைக்கடிகாரத்தைத் தானே கழற்றிக் கொடுத்தார். "சாவி குடுத்து வையி, நின்னுடப் போவுது" என்றார். மோதிரமும் வந்துவிட்டது. அருணாக்கொடி மட்டும் வரவில்லை. சோப்பு போட்டார்கள், தேங்காயெண்ணெய் விட்டார்கள். திருகு அசையவில்லை.

"கட் பண்ணிடலாங்க" என்றார் நர்ஸம்மா.

எலும்பு முறிந்தபோதுகூடக் கத்தாத மனுஷன் அப்போது கத்தினார். "உசுரோட இருக்கச்சொல்லவே அறுக்கறீங்களா? யம்மா, நான் இன்னா பொணமா?"

எனக்கு வழி தெரிந்தது. புதுக் கயிறு ஒன்று வாங்கி வருகிறேன், அதைக் கட்டிவிட்டு இதை அறுங்கள் என்றேன். நர்ஸம்மா நல்லவர், தலையாட்டினார். அப்பாவும் அடங்கினார். "செவப்பா பாத்து வாங்கு. ஒழைக்குமான்னு கேளு" என்று பின்னாலேயே சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆப்பிள் விற்கிறார்கள், பிளாஸ்க் விற்கிறார்கள், அருணாக்கயிறு விற்பார் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். கடைக்காரர் "கொயந்தைக்கா?" என்றார். பெரியவருக்கு என்றேன். "இன்னா அளவு?" என்றார். பெற்ற அப்பாவின் இடுப்பு அளவு எந்த மகளுக்குத் தெரியும்? இரண்டு கையையும் வளைத்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே முழம் போட்டார்.

திரும்பி வந்தபோது ஸ்ட்ரெச்சர் இல்லை. டாக்டர் முன்னாலேயே வந்துவிட்டாராம், உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார் நர்ஸம்மா. அதில் கடிகாரமும் மோதிரமும் இருந்தன. கூடவே அருணாக்கொடி, நடுவில் அறுபட்டு. "பெரியவர் ஒண்ணுமே சொல்லலம்மா, கம்முனுதான் இருந்தாரு" என்றார். யாரைக் குறை சொல்ல? அவர்கள் அவரைப் பிழைக்க வைக்கத்தான் அறுத்தார்கள். சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தாலும் வார்டுக்கு வந்ததும் அப்பாவின் கை இடுப்பைத்தான் தடவியது. "வலி தெரியல. கொடிய அறுக்கற சத்தம் கேட்டுச்சு" என்றார். என் வீட்டுக்காரர் சிவப்புக் கயிற்றைக் கட்டினார். அப்பா தடுக்கவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை.

நடந்துவிடுவார் என்றார் டாக்டர். வாக்கர் வாங்கி வைத்தோம். அது மூலையில் துணி காயப் போடத்தான் ஆயிற்று. பத்தரிடம் கொடுத்து வெள்ளிக்கொடியை ஒட்டவைத்து அதையும் கட்டினோம். பூசாரி மந்திரித்த கயிறு ஒன்று கொடுத்தார், அதுவும் ஏறியது. இடுப்பில் மூன்று கொடியோடு அப்பா கட்டிலை விட்டு எழவில்லை. ஸ்வெட்டரை வண்ணாருக்குக் கொடுக்கச் சொன்னார். செத்தவர் துணியை அப்படித்தான் கொடுப்பது வழக்கம். பாட்டிலை மாப்பிள்ளைக்கு என்றார். நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் "யாருக்கு?" என்பார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது எழுப்பியிருப்பேன்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு இன்னாதாம்பா வேணும்? உசுரோடதான இருக்கீங்க? அத்த அறுத்ததுக்கா இவ்ளோ?" என்று கத்தினேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அறுத்தது கூட போவுதும்மா. நாதியத்தவன் செத்தாகூட அத்த அறுக்கறப்ப நாலு பேரு அழுவாங்க. எனக்கு ஒருத்தரும் அழுவல. அங்க ரெண்டு பேரு மத்தியானம் இன்னா சோறுன்னு பேசிக்கினு இருந்தாங்க."

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாவு வீட்டில் அழுவதுபோல, தெருவுக்கே கேட்கும்படி, உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டார் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள். அப்பா என்னைத் தடுக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும் எழுந்துவிடுவார் என்று பைத்தியக்காரிபோல் நம்பினேன், வாக்கரில் கிடந்த துணியைக்கூட எடுத்துவிட்டேன்.

"இப்ப சரியாப் போச்சு" என்றார் அப்பா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.